இரண்டு முழ தூரம்

பூக்காரம்மாவின் முழம் ஆளுக்கு ஆள் மாறும். நாள்தோறும் வாங்குகிறவர் என்றால் கை தாராளமாக நீளும். புதுமுகம் என்றால் முழங்கை கொஞ்சம் மடங்கும். வலைப்பந்தாட்ட நடுவரிடம் அந்தத் தாட்சண்யம் எடுபடாது. பந்தைக் கையில் வைத்திருப்பவரின் ஊன்றிய காலுக்கும், அவரைத் தடுக்க வந்தவரின் காலுக்கும் நடுவில் 0.9 மீட்டர் இருந்தாக வேண்டும். மூன்றடி. முழக்கணக்கில் இரண்டு. நாலு விரற்கடை உள்ளே வந்தாலும் விசில்தான்.

இந்த இரண்டு முழத்துக்கு அப்பால் நின்று ஒருவரைத் தடுப்பதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இங்கிலாந்துக்காரர், பெயர் ஜீவா மென்டர். ஆங்கில எழுத்துகளில் அந்தப் பெயரைப் பார்த்தால் 'கெவா'வா 'ஜெவா'வா என்று குழம்பத் தோன்றும். வர்ணனையாளர் வாயால் கேட்டதும்தான் அது நம் தெருவுக்கு ஒன்று இருக்கிற ஜீவா என்று தெரிந்தது. 20 ஆண்டுகளுக்கு மேல் ஆடியவர். பதக்கங்கள் பெரும்பாலும் பிற்பாதியில் வந்தன. ஆனால் என் ரசனைக்கு அவருடைய முதல் பத்தாண்டுதான் பெரிது. ஒரு கை தன் வேலையைக் கற்றுக்கொள்வதைப் பார்க்கும் சுகம், கற்று முடித்த கை ஜெயிப்பதைப் பார்ப்பதில் கிடைப்பதில்லை.

இலங்கைத் தமிழருக்கு வலைப்பந்தை அறிமுகப்படுத்த வேண்டாம்; பள்ளிக்கூட மைதானத்திலேயே அது அவர்களுக்குப் பழக்கம். தமிழ்நாட்டில்தான் "பாஸ்கெட்பாலா?" என்று கேட்பார்கள். வேர் ஒன்றுதான். 1890களில் அமெரிக்காவிலிருந்து வந்த கூடைப்பந்து, லண்டனில் பெண்களுக்கென்று நடந்த ஓர் உடற்பயிற்சிக் கல்லூரியில் வேறு உருவம் எடுத்தது. 1901-ல் விதிகளை எழுதிவைத்தார்கள். அதன் பிறகும் நாட்டுக்கு நாடு ஒரு விதியாகத்தான் ஆடினார்கள். அவற்றை ஒன்றாக்க ஐந்து நாட்டுப் பிரதிநிதிகள் 1960-ல் கூடிய இடம் இலங்கை.

வளையத்தின் உயரம் கூடைப்பந்தில் உள்ள அதே 3.05 மீட்டர். ஆனால் பின்னால் பலகை கிடையாது. பந்து மோதித் திரும்பி விழ வழியில்லை. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடவும் முடியாது. கைக்கு வந்தால் மூன்று நொடிக்குள் இன்னொருவருக்கு எறிந்தாக வேண்டும். ஓர் அணிக்கு ஏழு பேர். அந்த ஏழு பேரில் யார் எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்பதற்கு மார்பில் மாட்டிய எழுத்துதான் அனுமதிச் சீட்டு. கிளித்தட்டு ஆடியவர்களுக்கு இது உடனே பிடிபடும். கோட்டை விட்டு இறங்க முடியாமல், கோட்டின் மேலேயே ஓடி ஓடி மறிக்கிறவனின் அவஸ்தை இங்கே ஏழு பேருக்கும் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டிருக்கிறது. வளையத்தைச் சுற்றி 4.9 மீட்டர் ஆரத்தில் ஓர் அரைவட்டம். அதற்குள் நின்றுதான் கோல் எறிய முடியும். எறியும் உரிமை கோல் ஷூட்டர், கோல் அட்டாக் இருவருக்கு மட்டும். அவர்களைத் தடுக்க அரைவட்டத்துக்குள் நுழையும் உரிமை கோல் கீப்பர், கோல் டிஃபென்ஸ் இருவருக்கு மட்டும். ஜீவா கோல் கீப்பர். கால்பந்துக் கோல் கீப்பரோடு பெயரில்தான் உறவு. வளையத்துக்கு முன்னால் நின்று பந்தைப் பிடிக்கிற வேலை அல்ல இது. பந்து வளையத்தை நோக்கிக் கிளம்பாமலே பார்த்துக்கொள்கிற வேலை.

கபடியில் தொடுவதுதான் ஆட்டம். இங்கே தொடுவதுதான் குற்றம். தோள் இடித்து எதிராளியின் ஆட்டத்தைக் கெடுத்தால் விசில். நெருங்கி மறித்தால் விசில். அதோடு விட்டாலும் பரவாயில்லை. தவறு செய்தவர், எதிராளி பந்தை எறிந்து முடிக்கும்வரை, அவர் பக்கத்திலேயே ஆட்டத்தில் கலந்துகொள்ளாமல் சும்மா நிற்க வேண்டும். வகுப்பில் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்துவார்களே, அதே அவமானம், பல ஆயிரம் பேர் பார்க்க. அவரது தொந்தரவு இல்லாமல் ஷூட்டர் நிதானமாகக் குறிபார்ப்பார். பக்கத்தில் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும் கோல் கீப்பரின் முகத்தைப் பாருங்கள். இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த முகம் அது.

இன்னொரு கொடுமையும் உண்டு. நல்ல ஷூட்டர் பத்து எறிந்தால் எட்டு, ஒன்பது உள்ளே விழும். ஓர் ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்கு ஐம்பது, அறுபது கோல் சாதாரணம். ஆக, கோல் கீப்பர் என்பவர் அன்றாடம் ஐம்பது தடவை தோற்கிறவர். அந்த ஐம்பதுக்கு இடையே ஐந்தாறு பந்தைப் பறித்துவிட்டால் அன்றைய ஆட்டத்தின் நாயகி அவராகவும் இருக்கலாம். கணக்கு தெரியாதவர்கள் ஸ்கோர் பலகையைப் பார்த்துவிட்டு 'என்னத்தைத் தடுத்தார்?' என்பார்கள். கணக்கு தெரிந்தவர்களுக்கு அந்த ஐந்தாறுதான் ஆட்டம்.

1984-ல் இங்கிலாந்தின் தென்கடலோர ஊரான போர்ன்மத்தில் பிறந்தவர் ஜீவா. 2001-ல், 16 வயதில், நாட்டின் சீனியர் அணிக்கு ஆடிவிட்டார். அடுத்த ஆண்டு மான்செஸ்டரில் காமன்வெல்த் விளையாட்டு. இங்கிலாந்துக்கு நான்காம் இடம்.

16 வயதில் தடுப்பாட்டக்காரராக இறக்கிவிடப்படுவது எவ்வளவு பெரிய சோதனை என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரிவதில்லை. ஷூட்டர் என்றால் இளம் வயது ஒரு பொருட்டில்லை. குறி என்பது வீட்டுக் கொல்லையில் தனியாக நின்றுகூடப் பழகக்கூடியது. தடுப்பைத் தனியாகப் பழக முடியாது. அது இன்னொரு மனுஷியின் ஆசையை முன்கூட்டியே படிக்கும் வேலை. அதற்கு ஆட்களைப் பார்த்திருக்க வேண்டும், ஏமாந்திருக்க வேண்டும். இளம் தடுப்பாட்டக்காரர்களுக்கு ஒரு பொது வியாதி உண்டு: எல்லாப் பந்துக்கும் குதிப்பது. உயரம் இருக்கிறது, கால் துள்ளுகிறது, எதிரில் பந்து பறக்கிறது. எப்படிக் குதிக்காமல் இருப்பது? குதித்த உடம்பு கீழே வருமுன் பந்து வேறு கைக்குப் போய்விடும். அல்லது இறங்கும்போது எதிராளியின் தோளில் விழுந்து, மறுபடியும் பெஞ்சு மேல். ஒரு கோல் கீப்பர் முதலில் கற்க வேண்டியது எந்தப் பந்தை விட்டுவிடுவது என்பதை. வீணை, வயலின் கச்சேரிகளில் வாசிக்காமல் விடும் இடம் தெரிந்தவர்களைத்தானே நாம் வித்வான் என்கிறோம்.

அன்றைய இங்கிலாந்தில் வலைப்பந்து ஆடி வீட்டு வாடகை கட்ட முடியாது. படிப்பும் வேலையும் ஒரு பக்கம், பயிற்சி ஒரு பக்கம் என்றுதான் தேசிய அணி ஆட்டக்காரர்களுக்கே வாழ்க்கை. 2005-ல் அங்கே சூப்பர்லீக் தொடங்கியது. ஜீவா டீம் பாத் அணியில் ஆடினார். 2006 மெல்போர்ன் காமன்வெல்த் விளையாட்டில் இங்கிலாந்துக்கு வெண்கலம் கிடைத்தது. மேலே இருந்த இரண்டு நாடுகள் எவை என்று சொல்ல வேண்டியதே இல்லை. அந்தக் காலத்தில் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் முதல் இரண்டு இடங்களைச் சொந்தப் பட்டாபோல வைத்திருந்தன.

பட்டாதாரர்களின் நிலத்துக்கே போய் உழுவது என்று அவர் முடிவு செய்தது 2008-ல். ஆஸ்திரேலியாவிலிருந்து ஐந்து, நியூசிலாந்திலிருந்து ஐந்து என்று பத்து அணிகளோடு ஏஎன்இசட் சாம்பியன்ஷிப் அந்த ஆண்டு தொடங்கியது. முதல் பருவத்திலேயே அடிலெய்ட் தண்டர்பேர்ட்ஸ் அணியில் அவர் பெயர் இருந்தது. 23 வயது. இங்கிலாந்தில் வாரம் ஒருமுறை சந்திக்கக்கூடிய தரமான ஷூட்டர்கள் ஒன்றிரண்டு பேர் என்றால், இங்கே ஒவ்வொரு வாரமும் ஒரு புதுத் தலைவலி.

அந்தத் தலைவலிகளைக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால்தான் ஜீவா கற்றுக்கொண்டது என்ன என்பது விளங்கும். ஷூட்டர்களில் இரண்டு ஜாதி: நிற்பவர், ஓடுபவர். தென்னாப்பிரிக்காவில் பிறந்து நியூசிலாந்துக்கு ஆடிய ஐரீன் வான் டைக் முதல் ஜாதியின் மகாராணி. வளையத்துக்கு நெருக்கமாக இடம் பிடித்துக்கொண்டு, கையைத் தூக்கி, மேலே வரும் பந்தை வாங்கி, மாவு சலிப்பதுபோல அலட்டாமல் உள்ளே போடுவார். தவறவிடுவது அபூர்வம். குயின்ஸ்லாந்து ஃபயர்பேர்ட்ஸ் அணியில் ஜமைக்காவின் ரொமெல்டா ஐகன். உயரம் 196 செ.மீ. எல்லார் தலைக்கும் மேலே பந்தைத் தூக்கி எறிந்தால் போதும், மீதியை அவர் பார்த்துக்கொள்வார். இன்னொரு பக்கம் ஷாரெல் மக்மேகன் மாதிரி ஓடும் ஜாதி. இடது பக்கம் போகிறார் என்று நீங்கள் எடை மாற்றிய அந்தக் கணத்தில் வலது பக்கம் பந்தோடு நிற்பார்.

நிற்பவரை எப்படித் தடுப்பது? முன்னால் நின்றால் பந்தைத் தலைக்கு மேல் எறிந்துவிடுவார்கள். பின்னால் நின்றால் முதுகைக் கொடுத்து அடைத்துக்கொண்டு வாங்கிவிடுவார். முதுகை இடித்தால் விசில். ஆகவே முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பக்கவாட்டில், ஷூட்டரின் கடைக்கண் எட்டாத ஓர் இடத்தில் போய் நிற்பது. ஜீவாவின் தொழில் ரகசியம் அந்த இடம்தான் என்று எனக்குப் படுகிறது. நான் பார்த்தவரை, அவர் பந்து எறிபவருக்கு ஒரு சந்து திறந்துவிடுவார். "இதோ, இந்தப் பக்கம் காலி, எறி" என்று அழைப்பது போல இருக்கும். எறிந்த பிறகுதான் அந்தச் சந்தின் ஓரத்தில் ஆறடிக்கு மேல் உயரமும் அதற்கேற்ற கையும் உள்ள ஒருத்தி காத்திருந்தது தெரியவரும். இரண்டே எட்டு, சுற்றி வந்து, ஷூட்டரின் உடம்பில் பாவாடை நுனிகூடப் படாமல், பந்தைத் தட்டிவிட்டிருப்பார். நம் ஊரில் மீன்காரர்கள் தூண்டிலை வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தபடி பீடி பிடிப்பார்களே, அந்த அலட்சிய பாவனை அவரிடம் உண்டு.

தொலைக்காட்சிக்காரர்கள் பந்தின் பின்னாலேயே ஓடுவதால் இந்தக் காட்சியின் முதல் பாதி பெரும்பாலும் நமக்குக் கிடைப்பதில்லை. கை பந்தைத் தட்டும் கடைசிக் கணம் மட்டும் தெரியும். மெதுவான மறு ஒளிபரப்பில் அதையே நாலு தடவை காட்டுவார்கள். சமையலில் தாளிப்பை மட்டும் நாலு தடவை காட்டுவது மாதிரி. அடுத்த முறை பார்க்க வாய்த்தால் பந்தை மறந்துவிட்டு, கோல் கீப்பரின் பாதங்களை மட்டும் பாருங்கள். குதிகால் தரையில் படியாது. சின்னச் சின்ன அடிகள், எந்தத் திசைக்கும் உடனே கிளம்பும் தயார்நிலையில். பெரிய அடி வைக்கிற தடுப்பாட்டக்காரரை நம்பாதீர்கள். அவர் ஏற்கெனவே ஏமாந்துவிட்டார், அதைச் சரிக்கட்டத்தான் பெரிய அடி.

எல்லாத் தந்திரமும் தோற்று, பந்து ஷூட்டரின் கைக்கே வந்துவிட்டது என்று வையுங்கள். இப்போதுதான் இரண்டு முழக் கணக்கு. இந்த அளவு காலிலிருந்து காலுக்கு. கைக்குக் கை அளவில்லை. விதியின் இந்தச் சின்ன இடுக்கில்தான் தடுப்பாட்டக்காரர்கள் ஒரு கலையையே கட்டி எழுப்பியிருக்கிறார்கள். மூன்றடிக்கு அப்பால் ஒற்றைக்காலை ஊன்றி, மற்றதைப் பின்னால் தூக்கி, உடம்பை முன்னால் சாய்த்து, கைகளை நீட்டி, விழுந்துவிடும் எல்லையில் உறைந்து நிற்பார்கள். வரப்பில் ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கு நினைவுக்கு வராமல் இருக்காது. கால் சட்டப்படி தூரத்தில் இருக்கிறது. விரல் நுனியோ பந்துக்குப் பக்கத்தில் ஊர்கிறது. ஷூட்டரின் கண்ணுக்கும் வளையத்துக்கும் நடுவில் பத்து விரல்கள். தட்டிவிட முடியாவிட்டாலும் பந்தை வழக்கத்தைவிடக் கொஞ்சம் உயரமாகப் போட வைத்தாலே போதும். பலகை இல்லாத வளையத்தில் அந்தக் கொஞ்சம் பெரிய விஷயம். நிலைகுலைந்து ஓரடி முன்னால் விழுந்தால் மறுபடியும் பெஞ்சு. ஆகவே இது வயிற்றுத் தசையும் கணுக்காலும் செய்யும் வேலை. கைகளுக்குப் பெயர் மட்டும்தான்.

ஜீவாவின் சாய்வில் ஒரு தாமதம் உண்டு, கவனித்தால் தெரியும். பந்து ஷூட்டர் கைக்கு வந்ததுமே அவர் கையை நீட்டிவிடுவதில்லை. முதலில் இரண்டு முழம் பின்வாங்கி இடத்தை உறுதி செய்துகொள்கிறார். அதற்கே ஒரு நொடி போகிறது. மூன்றே நொடி உள்ள ஆட்டத்தில் ஒரு நொடியை விட்டுக்கொடுப்பது பெரிய செலவு. அந்தச் செலவுக்கு மனம் ஒப்புவதைத்தான் நான் முதிர்ச்சி என்கிறேன்.

எறிந்த பந்து வளையத்தில் பட்டு வெளியே தெறித்தால் மீட்பு அவர் பொறுப்பு. பந்தைப் பார்த்து ஓடினால் கிடைக்காது. எறிந்த கணமே ஷூட்டருக்கும் கம்பத்துக்கும் நடுவில் தன் உடம்பை வைத்துவிட வேண்டும், இடிக்காமல். பேருந்தில் இறங்குபவரின் இருக்கைக்கு முன்னால் நாசூக்காக நின்றுகொள்கிற நம்மூர்த் திறமைக்கு இங்கே நல்ல மதிப்பு.

உயரத்தைப் பற்றிப் பேசும்போது யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கத்தைச் சொல்லாமல் போக முடியாது. அவர் தடுப்பவர் அல்ல, கோல் ஷூட்டர், 208 செ.மீ. இலங்கை அணி 2018-ல் ஆசியப் பட்டத்தை வென்றபோது அவர்தான் வளையத்தடியில். கையைத் தூக்கினால் விரல்களுக்கும் வளையத்துக்கும் சாண் கணக்கில்தான் தூரம். அவர் கைக்குப் பந்து வந்துவிட்டால் கொக்குச் சாய்வு சாய்ந்து பலனில்லை. யாரும் எட்ட முடியாது. அப்படிப்பட்டவருக்கு எதிரே ஒரு கோல் கீப்பர் செய்யக்கூடியது ஒன்றுதான்: பந்து அவரிடம் வந்து சேராமல் பார்த்துக்கொள்வது. வாசலில் தடுக்க முடியாத விருந்தாளியைப் பேருந்து நிறுத்தத்திலேயே தடுப்பது. ஐகனுக்கு எதிராக அந்தக் கால ஆஸ்திரேலியத் தடுப்பாட்டக்காரர்கள் கற்றதும் இதே பாடந்தான். கோல் கீப்பர் தனியாகச் செய்ய முடியாத வேலை இது. எறிபவரைத் தொந்தரவு செய்ய முன்னால் ஒருவர், நடுவில் சந்தை அடைக்கக் கோல் டிஃபென்ஸ், பின்னால் காத்திருக்கக் கோல் கீப்பர். பின்னால் இருப்பவருக்குத்தான் முழுக் களமும் கண்ணில் தெரியும். ஆகவே பேச்சு அவருடையது. ஒரு நல்ல கோல் கீப்பர் ஆட்டம் முழுக்க வாய் ஓயாமல் இருப்பார். "இடப்பக்கம் வருகிறாள், விடு, எனக்கு, உனக்கு" என்று ஒரு தொடர் சங்கிலி. ஒலி குறைத்து வலைப்பந்து பார்ப்பவர்களுக்குப் பாதி ஆட்டம் நஷ்டம்.

2011-ல் ஜீவா மெல்போர்ன் விக்சன்ஸ் அணிக்கு மாறினார். அங்கே பியங்கா சாட்ஃபீல்டோடு சேர்ந்து தடுத்தார். ஆரம்ப காலம் என்ற பகுதி அங்கே முடிந்துவிட்டதாக வைத்துக்கொள்கிறேன். பிறகு நடந்ததெல்லாம் அறுவடை: 2014-ல் விக்சன்ஸுக்கு ஏஎன்இசட் பட்டம், 2017, 2018 இரண்டு ஆண்டும் அவர் தலைமையில் சன்ஷைன் கோஸ்ட் லைட்னிங்குக்கு ஆஸ்திரேலியாவின் சூப்பர் நெட்பால் பட்டம், 2023 கேப்டவுன் உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு வெள்ளி. அதற்குள் பிற தடுப்பாட்டக்காரர்களும் வந்துவிட்டார்கள். 2019 உலகக் கோப்பையின் சிறந்த ஆட்டக்காரராகத் தென்னாப்பிரிக்கத் தடுப்பாட்டக்காரர் கார்லா ப்ரிட்டோரியஸ் தேர்வானது எங்களைப் போன்றவர்களுக்குத் தீபாவளி. ஜீவா ஆடிய அதே அடிலெய்டில் பிறகு வந்த ஜமைக்காவின் ஷமேரா ஸ்டெர்லிங் பந்தைப் பறிப்பதில் இன்னும் வேகமானவர், இன்னும் துணிச்சலானவர். பரபரப்பு வேண்டும் என்றால் நானும் ஸ்டெர்லிங்கைத்தான் பார்ப்பேன். நிதானம் எப்படி உருவாகிறது என்று பார்க்க வேண்டும் என்றால் ஜீவாவிடம் திரும்பிவிடுவேன்.

2018 ஏப்ரல் 15, கோல்ட் கோஸ்ட். காமன்வெல்த் இறுதி ஆட்டம், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக. கடைசி நொடிகள், 51–51. பந்து இங்கிலாந்தின் ஹெலன் ஹவுஸ்பி கையில், ஆஸ்திரேலியத் தடுப்பாட்டக்காரர்களுக்கு முன்னால். தடுப்பில் ஒரு தவறு, விசில். தவறு செய்தவர் சும்மா நிற்க, ஹவுஸ்பி எறிந்த பந்து வளையத்துக்குள் இறங்கியது. வலைப்பந்தில் இங்கிலாந்துக்கு முதல் காமன்வெல்த் தங்கம். கோல் கீப்பருக்குத் தன் மூன்றிலொரு பங்கு களத்தைத் தாண்ட அனுமதியில்லை. ஆகவே ஜீவாவின் வாழ்க்கையின் மிகப் பெரிய கோல், அவர் போக முடியாத மறுகோடியில், இன்னொரு அணியின் தடுப்பாட்டக்காரர் செய்த தவறால் விழுந்தது. அன்று இங்கிலாந்து காத்த வளையத்தில் விழுந்த கோல்கள் 51.